புகை வாசத்துக்குக் கேட் எண்ணெயா, குவாயக் கட்டையா?

வாசனைத் திரவியத்தில் புகை வாசம் வேண்டும் என்றதும் நான் முதலில் கை வைத்தது கேட் எண்ணெயில். 10 மில்லி கலவையில், நீர்க்கச் செய்யாமல், ஒரே ஒரு சொட்டு விட்டேன். ரோஜாவும் சந்தனமும் போன இடம் தெரியவில்லை. அணைத்த விறகடுப்பு மட்டும் மிஞ்சியது. கலவையைக் கொட்டிய பிறகும் மேசை இழுப்பறையில் அந்த வாசம் ஒரு வாரம் குடியிருந்தது. அதன் பிறகுதான் குவாயக் கட்டை எண்ணெயை வாங்கிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

இரண்டையும் புகை என்றே சொல்கிறார்கள், ஆனால் பிறப்பே வேறு. கேட் என்பது மத்தியதரைக்கடல் பகுதியில் வளரும் ஒரு ஜூனிபர் மரம். அதன் கட்டையைக் காற்றுப் படாமல் சூடேற்றிக் கருக்கும்போது வடிகிற தார்தான் இந்த எண்ணெய். சூட்டில் மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்ற பொருள் சிதைந்து, குவாயகால் போன்ற ஃபீனால் வகை வேதிப்பொருள்கள் உண்டாகின்றன. விறகுப் புகையில் மூக்கைத் துளைப்பதும் இதே கூட்டம்தான். குவாயக் மரமோ பராகுவே, அர்ஜென்டினா, பொலிவியா நாடுகளில் பரந்து கிடக்கும் கிரான் சாக்கோ காட்டைச் சேர்ந்தது. கட்டையைத் தூளாக்கி நீராவியில் வடிக்கிறார்கள், கருகுவதற்கே இடமில்லை. அதில் முக்கியமானவை குவாயால், புல்னெசால் என்ற இரண்டு ஆல்கஹால்கள். குவாயால் வேறு, குவாயகால் வேறு. ஓரெழுத்தில் ஏமாந்துவிட வேண்டாம். 'பாலோ சாந்தோ' என்ற பெயரிலும் இதே வம்பு உண்டு. குவாயக்குக்கும் அந்தப் பெயர்தான், ஊதுகட்டையாகக் கொளுத்தும் புர்செரா மரத்துக்கும் அதே பெயர்தான். வாங்கும்போது தாவரப் பெயரைப் பார்த்துவிடுங்கள்.

குவாயக் சீசாவைக் கவிழ்த்தால் ஒன்றும் விழாது. சாதாரண வெப்பநிலையில் உறைந்த தேன் போல இறுகிக் கிடக்கும். சீசாவை வெந்நீரில் நிறுத்தி இளக வைத்து, சொட்டு எண்ணாமல் எடை போட்டு, ஆல்கஹாலில் 10 சதவீதமாகக் கரைத்து வைத்துக்கொள்வது என் வழக்கம். காகிதப் பட்டையில் தோய்த்தால் முதலில் ஏமாற்றமாகத்தான் இருக்கும். அரை மணி கழித்து முகர்ந்தால் தேயிலை கலந்த ரோஜா வாசம், அதன் ஓரத்தில் லேசாகப் புகை. ஒரு காலத்தில் ரோஜா எண்ணெயில் கலப்படம் செய்ய இதைத்தான் பயன்படுத்தினார்கள் என்பது அப்போது புரியும். மறுநாளும் பட்டையில் இனிப்பு இருக்கும். கேட் தோய்த்த பட்டையிலோ முதல் நொடியில் இருந்த கரிதான் மறுநாளும்.

விதிமுறையில் இரண்டுக்கும் சிக்கல் உண்டு. வாசனைத் துறையின் இஃப்ரா அமைப்பு கச்சா கேட் எண்ணெயை அனுமதிப்பதில்லை. கட்டை கருகும்போது உண்டாகும் தீங்கான பல்வளைய ஹைட்ரோகார்பன்களை நீக்கிச் சுத்திகரித்ததை மட்டுமே, அதுவும் வரம்புக்குள், பயன்படுத்தலாம். பதனிட்ட தோலின் வாசத்துக்குப் பேர்போன, பிர்ச் மரத்திலிருந்து எடுக்கும் தாருக்கும் இதே கட்டுப்பாடுதான். குவாயக் பிரச்சினை மரத்தையே பற்றியது: அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் 2010 முதல் இருப்பதால் அனுமதிச் சான்றோடுதான் நாடு கடக்கும்.

ரோஜா, தேயிலை, சந்தனம் சார்ந்த கலவை என்றால் யோசிக்காமல் குவாயக் என்பேன். கொஞ்சம் கூடிப்போனாலும் கலவை கெடாது. தோல், கணப்பு நெருப்பு என்று உரக்கப் பேச வேண்டிய இடத்தில் அதன் குரல் எடுபடாது, அங்கே கேட்தான். இரண்டையும் சேர்ப்பதும் உண்டு: குவாயக் தாராளமாக, அதன் மேல் கேட் 1 சதவீதக் கரைசலில் இரண்டு சொட்டு. அந்தக் கரைசல் மட்டும்தான் இப்போது என் மேசையில் இருக்கிறது. மூலச் சீசா மூன்று பைகளுக்குள், வேறு அறையில்.