கோல்ஃப் ஸ்விங்: கையைக் கவனிப்பதா, கைக்குட்டையைக் கவனிப்பதா?

ஒரு கைக்குட்டையின் முனையில் சாவிக்கொத்தைக் கட்டுங்கள். மறுமுனையை விரல்களால் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னுமாக ஆட்டிப் பாருங்கள். நிதானமாக ஆட்டும்வரை துணி விறைப்பாக நிற்கும், சாவியும் அழகாக வில் போலப் போய்வரும். அவசரப்பட்டு நடுவில் கையால் ஒரு வெட்டு வெட்டினால் துணி துவண்டு மடங்கும், சாவி எங்கேயோ போகும்.

இதைக் காட்டித்தான் எர்னஸ்ட் ஜோன்ஸ் என்ற ஆங்கிலேயர் பல்லாண்டுகள் கோல்ஃப் ஸ்விங்கை, அதாவது பந்தை அடிக்கக் கோலை வீசும் அசைவை, சொல்லிக்கொடுத்தார். அவர் கைக்குட்டையில் கட்டியது ஒரு பேனாக்கத்தி. முதல் உலகப்போரில், 1916-இல், அவருடைய வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. எடை இந்தக் காலிலிருந்து அந்தக் காலுக்கு மாற வேண்டும், இடுப்பு இப்படித் திரும்ப வேண்டும் என்று அதுவரை படித்த பாடமெல்லாம் ஒரே நாளில் அவருக்குப் பொருந்தாமல் போனது. ஆனாலும் திரும்பி வந்து அடித்தபோது பந்து நன்றாகவே போனது. அப்படியானால் ஆட வேண்டியது கிளப்பின், அதாவது அடிக்கும் கோலின், தலைதான், உடம்பு அதற்கு வழிவிட்டால் போதும் என்ற முடிவுக்கு வந்தார். அவரிடம் கற்ற வர்ஜீனியா வான் வீ 1932, 1933, 1934 என்று தொடர்ந்து மூன்று முறை அமெரிக்கப் பெண்கள் அமெச்சூர் பட்டத்தை வென்றார்.

எதிர்முனையில் இருப்பவர் ஹோமர் கெல்லி. 1969-இல் வந்த அவருடைய புத்தகம் ஸ்விங்கை 24 பாகங்களாகக் கழற்றி வைத்தது. ஒவ்வொரு பாகத்துக்கும் பல மாற்று வகைகள் வேறு. ஏதோ எந்திரம் பூட்டும் கையேட்டைப் படிப்பது போலிருக்கும். தொழில்முறை ஆட்டக்காரர் பிரைசன் டிஷாம்போ அதில் ஊறியவர். கோணம், அளவு, கணக்கு என்றே ஆடி 2020-லும் 2024-லும் யு.எஸ். ஓப்பன் என்ற பெரிய போட்டியை வென்றார். ஜோன்ஸ் பக்கம் பபா வாட்சன், முறையாக ஒரு பாடம்கூடக் கற்காதவர் என்று பெயரெடுத்தவர். பந்து எப்படி வளைய வேண்டும் என்று மனதில் பார்த்து அப்படியே வளைத்து அடிப்பவர். 2012-லும் 2014-லும் மாஸ்டர்ஸ் போட்டியில் பட்டம் அவருக்குத்தான். ஆக, உச்சியில் இருப்பவர்களைச் சாட்சிக்கு அழைத்தால் வழக்கு தீராது. வார இறுதியில் மட்டும் கிளப்பைத் தொடுகிற நம்மைப் போன்றவர்களுக்கு எது கைகொடுக்கும் என்பதுதான் எனக்குக் கேள்வி. வசதிக்காக ஜோன்ஸ் கட்சியை உணர்வுக்காரர்கள் என்றும், கெல்லி கட்சியை அளவுக்காரர்கள் என்றும் வைத்துக்கொள்கிறேன்.

நான் தொடங்கியது அளவுக்காரர்களிடம். பந்துக்கு முன்னால் நின்றதும் தலைக்குள் ஒரு பட்டியல் ஓடும். இடது கை நேராக. தலை அசையாமல். வலது முழங்கை விலாவை ஒட்டி. மணிக்கட்டு இந்த இடத்தில் மடங்கணும். தோள் முழுசாகத் திரும்பணும். இடுப்பு முதலில் இறங்கணும். ஏழாவதாக ஒன்று இருந்தது, அது எப்போதும் மறந்துவிடும். அதை நினைவுபடுத்திக்கொண்டே அடிக்க, பந்தின் மண்டையில் பட்டு அது முப்பது கெஜம் உருண்டு நிற்கும். பயிற்சியாளர் மேல் குறை சொல்ல மாட்டேன். அவர் சொன்ன ஒவ்வொன்றும் சரி. ஆறு சரிகளைச் சேர்த்துக் கூட்டினால் ஒரு ஸ்விங் வரவில்லை, அவ்வளவுதான்.

ஏன் வரவில்லை என்பதற்கு எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. உச்சியிலிருந்து கிளப் இறங்கிப் பந்தைத் தொட ஏறக்குறைய கால் நொடி ஆகிறது. கண்ணில் பட்ட ஒன்றுக்குக் கை பதில் சொல்லவே ஐந்தில் ஒரு பங்கு நொடி போய்விடும். கிளப்பும் பந்தும் ஒட்டியிருப்பது நொடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்குதான். இறங்கும் வழியில் ‘முழங்கை, முழங்கை’ என்று நினைத்தால் அந்த நினைப்பு முழங்கைக்குப் போய்ச் சேரும் முன் பந்து கிளம்பியிருக்கும். ஆகவே ஆட்டம் தொடங்கும் முன்பே முழு அசைவையும் ஒரே பொட்டலமாகக் கட்டி உடம்புக்குக் கொடுத்துவிட வேண்டும். அந்தப் பொட்டலமாக மனதில் ஒரு படம் உதவும். ஆறு கட்டளைகள் உதவாது.

ஆய்வுகளும் பெரும்பாலும் இந்தப் பக்கமே சாய்கின்றன. 1999-இல் காப்ரியேல் வுல்ஃபும் உடனிருந்தவர்களும் கோல்ஃபே ஆடாதவர்களுக்குப் பிட்ச் ஷாட்டை, அதாவது பந்தைத் தூக்கிப் போடும் சின்ன அடியை, சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு குழுவிடம் உங்கள் கைகள் ஆடுவதைக் கவனியுங்கள் என்றார்கள், இன்னொரு குழுவிடம் கிளப் ஆடுவதைக் கவனியுங்கள் என்றார்கள். கிளப்பைக் கவனித்தவர்களே குறிக்கு அருகில் அடித்தார்கள். அதற்கு முன்பே, 1992-இல், ரிச் மாஸ்டர்ஸ் என்ற ஆய்வாளர் பட்டிங்கில், அதாவது பந்தைக் குழிக்குள் உருட்டுவதில், வேறொன்றைக் காட்டியிருந்தார். விதிகளைப் படித்துக் கற்றவர்கள் பதற்றம் கூடியதும் தடுமாறினார்கள். விதி எதுவும் தலையில் ஏறாதபடி கற்றவர்கள் அதே பதற்றத்தைத் தாங்கினார்கள். பந்தயத்தின் கடைசிக் குழியில் கை நடுங்கியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

ஆனால் ஒரு முடிச்சு இருக்கிறது, உணர்வுக்காரர்கள் இதைச் சொல்லாமல் தாண்டிவிடுவார்கள். 2003-இல் வந்த இன்னோர் ஆய்வில், தேர்ந்தவர்கள் வெளியே, குறியைக் கவனித்தபோது நன்றாக அடித்தார்கள், திறமை குறைந்தவர்களோ தங்கள் அசைவைக் கவனித்தபோதுதான் கொஞ்சம் சீராக அடித்தார்கள். பட்டிங்கில் உளவியலாளர் சையன் பைலாக் செய்த சோதனைகளும் அதே திசையைக் காட்டின: புதியவருக்குக் கவனம் உதவுகிறது, பழகியவருக்கு அதே கவனம் இடறுகிறது. ஆகவே முதல் நாள் வருகிறவரிடம் “எதையும் யோசிக்காதீர்கள், விட்டு ஆடுங்கள்” என்பது அறிவுரை இல்லை, கைகழுவுதல். விட்டு ஆட அவரிடம் முதலில் ஏதாவது இருக்க வேண்டுமே.

சரி, எந்தப் படம்? ஜோன்ஸ் சொன்ன கிளப் தலை ஒரு வகை. அப்புறம் குறியைப் பார்ப்பது இன்னொரு வகை. புகழ்பெற்ற ஆட்டக்காரர் ஜாக் நிக்லாஸ், பந்து போகும் வழியையும் விழும் இடத்தையும் வண்ணப்படம் போல மனதில் ஓட்டிப் பார்க்காமல் அடிப்பதில்லை என்று எழுதியிருக்கிறார். இது அவருக்குச் சரி. என் மனதில் பந்து கிரீனில், குழி இருக்கும் புல்தரையில், இறங்கும் காட்சி பிரமாதமாகத்தான் ஓடும், நிஜப் பந்து புதருக்குள் போகும். அசைவே கையில் இல்லாதவனுக்கு முடிவை மட்டும் காட்டுவது, நீந்தத் தெரியாதவனுக்கு அக்கரையைக் காட்டுவது மாதிரி.

எனக்கு வேலை செய்தவை ஏற்கனவே உடம்பு அறிந்த அசைவுகள். குளத்தில் தட்டைக் கல்லைத் தத்தவிடுவதை எடுத்துக்கொள்ளுங்கள். யாரும் நமக்கு அதில் பாடம் எடுத்ததில்லை. ஆனாலும் உடம்பு திரும்புகிறது, முழங்கை முன்னால் வருகிறது, மணிக்கட்டு கடைசி நொடிவரை காத்திருந்து விடுகிறது. அளவுக்காரர்கள் மூன்று பாடத்தில் சொல்வது ஒரே எறிதலில் இருக்கிறது. எட்டு வயதில் கற்றது, நாற்பதிலும் மறக்கவில்லை. இந்தப் படத்தை நினைத்துக்கொண்டு அடித்த முதல் மாலையில்தான் கிளப் பந்தைத் தாண்டிப் போகிறது என்பதையே உணர்ந்தேன். அதுவரை என் ஸ்விங் பந்தோடு முடிந்துவிடும்.

இன்னொன்று ஊஞ்சல். ஸ்விங் என்ற சொல்லுக்கே நம் மொழியில் அதுதானே பொருள், இருந்தும் அந்தப் பக்கம் போக எனக்கு வெகுநாள் பிடித்தது. ஊஞ்சலைத் தள்ளுகிறவர் அது தன் பக்கம் வந்து முடியும்வரை காத்திருப்பார். வந்துகொண்டிருக்கும்போதே தள்ளினால் கைதான் வலிக்கும், ஊஞ்சல் குலுங்கும். உச்சியில் அவசரப்பட்டு இறக்குகிற பழக்கத்துக்கு இதைவிட நல்ல மருந்தை நான் பார்க்கவில்லை. ‘உச்சியில் ஒரு கணம் நில்லுங்கள்’ என்று சொன்னால் கல்லாக நின்றுவிடுகிறோம். ஊஞ்சல் நிற்பதில்லை, வேகம் தீர்ந்து திரும்புகிறது. அந்த வேறுபாட்டை வார்த்தையால் விளக்கினால் தலை குழம்புகிறது, உடம்புக்கு அது தெரிந்தே இருக்கிறது.

தோற்ற படங்களும் உண்டு. பீப்பாய்க்குள் நின்று திரும்புவதாக நினை என்பது பழைய, பெயர்பெற்ற அறிவுரை. நான் பீப்பாய்க்குள் நின்றதே இல்லை, அதனால் விறைத்துப்போனேன். பழைய ஆட்டக்காரர் சாம் ஸ்னீட் பெயரில் வழங்கும், கையில் பறவை இருப்பதாகப் பிடி என்பது பிடியின் இறுக்கத்துக்கு அருமை. ஆனால் அது அசைவைப் பற்றி எதுவும் சொல்லாது. படம் நல்லதா என்று பார்க்க நான் கேட்பது ஒன்றே: இதில் ஏதாவது ஆடுகிறதா? கல் பறக்கிறது, ஊஞ்சல் போகிறது. பீப்பாய் சும்மா நிற்கிறது.

இரண்டு கட்சிக்கும் நடுவில் தாளம் என்று ஒன்று இருக்கிறது. தொழில்முறை ஆட்டக்காரர்களின் வீடியோக்களை ஃபிரேம் ஃபிரேமாக எண்ணிப் பார்த்த ஜான் நொவொசெல், பின்னால் எடுப்பதற்கும் இறக்குவதற்கும் பெரும்பாலும் மூன்றுக்கு ஒன்று என்ற விகிதம் இருப்பதை 2004-இல் எழுதினார். நொடிக்கு 30 ஃபிரேம் ஓடும் வீடியோவில் 24-க்கு 8, அல்லது 21-க்கு 7. இது அளவுதான், ஆனால் உணர்வாக உள்ளே போய்விடும் அளவு. நான் ‘த-க-தி-மி-த’ என்று சொல்லிக்கொள்வேன். முதல் ‘த’வில் கிளம்பி, ‘மி’யில் உச்சி, கடைசி ‘த’வில் பந்து. வாய் ஓடும்போது தலையில் வேறெதுவும் ஓடாது என்பது கூடுதல் லாபம்.

உணர்வின் பெரிய குறைக்கு வருகிறேன். அது பொய் சொல்லும். வலது கையால் ஆடும் எனக்குப் பந்து எப்போதும் வலப்பக்கம் வளைந்து ஓடும், எல்லோருக்கும் வரும் அதே ஸ்லைஸ். வலப்பக்க வேலியை நோக்கிக் கிளப்பை வீசு என்று ஒரு படம் கிடைத்தது. வீசினேன். வேலியையே உடைக்கப்போகிறேன் என்ற உணர்வு. பக்கத்திலிருந்தவர் போனில் எடுத்த படத்தைப் பார்த்தால் கிளப் கிட்டத்தட்ட நேராகத்தான் போயிருக்கிறது. உணர்ந்தது ஒரு முழம், நடந்தது ஒரு விரற்கடை. அதுவரை குறுக்கே இடப்பக்கம் வெட்டிக்கொண்டிருந்தவனுக்கு நேர்வழியே வேலியாகத் தெரிந்திருக்கிறது. கேமரா இல்லாவிட்டால், மிகைப்படுத்தியது போதும் என்று அன்றே விட்டிருப்பேன்.

அதோடும் முடியவில்லை. வளைவு போனது, ஆனால் பந்து இப்போது நேராகவே வலப்பக்கம் போனது. ரேடார் கருவிகள் வந்த பிறகு தெளிவாகிவிட்ட விஷயம் ஒன்று: பந்து எந்தத் திசையில் கிளம்பும் என்பதைப் பெரும்பாலும் முடிவுசெய்வது கிளப்பின் முகம், அதாவது பந்தில் படும் பரப்பு. முகத்துக்கும் கிளப் போன வழிக்கும் உள்ள வேறுபாடுதான் வளைவு. என் வழி திருந்தியது, முகம் திறந்தே, அதாவது வலப்பக்கம் பார்த்தே, இருந்தது. காரணம், பிடி. இடது கையைக் கொஞ்சம் வலப்பக்கம் திருப்பி, மேலிருந்து பார்த்தால் இரண்டு விரல் முட்டிகள் தெரியும்படி வைத்துக்கொள்ள ஒரு பயிற்சியாளருக்கு இரண்டு நிமிடம்தான் ஆனது. எந்தக் கல்லும் எந்த ஊஞ்சலும் இதைச் செய்திருக்காது.

என் தீர்ப்பு இங்கேதான் விழுந்தது. அசையாததை அளவால் கற்கலாம்: பிடி, நிற்கும் நிலை, பந்து இருக்க வேண்டிய இடம், தோள் பார்க்கும் திசை. நிதானமாகப் பார்த்து, தொட்டு, திருத்த அவகாசம் இருக்கிறது. கிளப் நகரத் தொடங்கிவிட்டால் படத்திடம் விட்டுவிட வேண்டும். பழைய சாம்பியன் பென் ஹோகனைவிடப் பெரிய அளவுக்காரர் உண்டா? அவரே 1957-இல் எழுதிய பாடங்களில், தோள்மேல் சாய்ந்து கிடக்கும் ஒரு கண்ணாடிப் பலகையைக் கற்பனை செய்யச் சொன்னார், நடுவே தலைக்கு ஓட்டை. கிளப் அதற்கு அடியில் போய்வர வேண்டும், கண்ணாடி உடையக்கூடாது. ஸ்விங் நகரும் இடத்துக்கு வந்ததும் அவரும் படத்தைத்தான் தேடினார்.

கருவியையும் கேமராவையும் மூன்றாவது கட்சியாக நிறுத்துபவர்கள் இருக்கிறார்கள். நான் நிறுத்த மாட்டேன். அது வெப்பமானி மாதிரி. காய்ச்சல் எவ்வளவு என்று சொல்லும், குறைக்காது. மாதம் ஒருமுறை பார்த்தால் போதும். ஒவ்வொரு அடிக்கும் திரையைப் பார்க்கிறவர்கள் பயிற்சி மைதானத்தில் பந்தைவிட எண்களோடுதான் விளையாடுகிறார்கள்.

படங்கள் தேயும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். சனிக்கிழமை அற்புதம் செய்த ஊஞ்சல் அடுத்த புதன்கிழமை வெறும் மரப்பலகையாகிவிடும். உடம்பு அதற்குப் பழகிவிடுகிறது, அல்லது நாம் அறியாமலே அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி வேறொரு பிழைக்குக் கொண்டுபோய்விடுகிறோம். அளவுக்காரர்கள் இதைக் காட்டிச் சிரிப்பார்கள், சிரிப்பில் நியாயமும் உண்டு. இரண்டு முட்டிகள் என்பது என்றைக்கும் இரண்டு முட்டிகள்தான். எனக்குப் படம் தேய்ந்தால் வருத்தப்படாமல் அடுத்ததற்குப் போய்விடுகிறேன். ஊஞ்சல் போனால் கல், கல் போனால் தாளம். சில மாதம் கழித்துப் பழைய ஊஞ்சல் மறுபடி புதிதாகவே இருக்கும்.

எதுவுமே வேலை செய்யாத நாளில் திரும்பிப் போவது ஜோன்ஸிடம்தான். என் கோல்ஃப் பையின் பக்கவாட்டுப் பையில் ஒரு கைக்குட்டை, முனையில் சாவிக்கொத்து கட்டியபடியே கிடக்கிறது. பத்து முறை ஆட்டிவிட்டுக் கிளப்பை எடுப்பேன். அவற்றில் ஒன்று வீட்டுச் சாவி. பையைக் காரிலேயே விட்டு, காரைச் சர்வீஸுக்கும் விட்டுவிட்டு, இரவு ஒன்பது மணிக்கு வாசலில் நின்றபோதுதான் அது எனக்கு நினைவுக்கு வந்தது.