ஊதுவதா, இறைப்பதா? சிறு நீர்மூழ்கிகளின் பாலாஸ்ட் தொட்டிகள்

வீட்டுப் பட்டறையில் ஓரிருவர் அமரும் நீர்மூழ்கியைக் கட்டுபவர், பாலாஸ்ட் தொட்டிக்குள், அதாவது நீரை ஏற்றி மூழ்கவும் வெளியேற்றி மிதக்கவும் உதவும் தொட்டிக்குள், விட்ட நீரை எதைக்கொண்டு வெளியேற்றுவது என்ற கேள்விக்கு வெகு சீக்கிரம் வந்து நிற்கிறார். அடிப்பக்கம் திறந்த தொட்டியை அழுத்தக் காற்றால் ஊதிக் காலிசெய்வது ஒரு வழி. அழுத்தம் தாங்கும் மூடிய தொட்டியிலிருந்து பம்பால் இறைப்பது மற்றொன்று.

திறந்த தொட்டிக்கு உள்ளும் புறமும் ஒரே அழுத்தம் என்பதால் மெல்லிய தகடோ கண்ணாடியிழையோ போதும். மூழ்குவதற்கு உச்சியிலுள்ள வால்வைத் திறக்கிறோம்; காற்று சீறிக்கொண்டு வெளியேற, கீழ்த்துளை வழியாக நீர் ஏறுகிறது; சீற்றம் அடங்கி வால்வின் வாயில் நீர் கொப்பளித்தால் தொட்டி நிரம்பிவிட்டது. ஆனால் வால்வு மிக உயர்ந்த இடத்தில் அமையாவிட்டாலோ, கலம் சற்றே மூக்கைத் தாழ்த்திவிட்டாலோ, ஒரு மூலையில் காற்று சிக்கிக்கொள்ளும். இறங்க இறங்க அது நசுங்கும். நசுங்க நசுங்க மிதப்பு குறைந்து, கலம் மேலும் இறங்கும். மேற்பரப்பில் 10 லிட்டராக இருந்த குமிழி 10 மீட்டர் ஆழத்தில் 5 லிட்டராகிவிடுகிறது. கலத்தில் 5 கிலோவை ஏற்றியதற்கு இது சமம். மேலே வரும்போது அதே குமிழி விரிந்து எதிர்த்திசையில் தள்ளும். எனவே இத்தொட்டியைப் பாதி நிரப்பி நடுநீரில் நிற்க முயல்வது, என் கணிப்பில், வீண் வேலை.

காற்றின் கணக்கும் ஆழத்தோடு மாறுகிறது. 200 பார் அழுத்தத்தில் (வளிமண்டல அழுத்தத்தைப்போல் சுமார் 200 மடங்கு) நிரப்பிய 12 லிட்டர் சிலிண்டரில் ஏறக்குறைய 2,400 லிட்டர் காற்று இருக்கும். 30 மீட்டரில் அழுத்தம் மேற்பரப்பைப்போல் நான்கு மடங்கு என்பதால், 100 லிட்டர் தொட்டியை முழுதாக ஊத 400 லிட்டர் செலவாகும். 100 மீட்டரிலோ 1,100 லிட்டர், அதாவது இருமுறை ஊதினால் சிலிண்டர் ஏறத்தாழ வறண்டுவிடும். கலம் ஏறத் தொடங்கியபின் உள்ளே இருக்கும் காற்றே விரிந்து மிச்ச நீரைத் தள்ளுவதும், மிகுதிக் காற்று கீழ்த்துளை வழியே தானாக வெளியேறுவதும் இம்முறையின் பெரிய வசதிகள். அந்தத் துளைக்கும் வால்வு பொருத்தி மூடுபவர், ஏறும்போது தொட்டி வெடிக்கும் அபாயத்தைத் தாமே வரவழைக்கிறார்.

பம்ப் காற்றைச் செலவழிப்பதில்லை. லிட்டர் லிட்டராக அளந்து இறைக்கலாம். ஆனால் படகடியில் சேரும் நீரை இறைக்கும் 12 வோல்ட் பம்ப் சில மீட்டர் உயரத்துக்கே நீரைத் தள்ளும். 30 மீட்டரில் அது வெறுமனே சுழன்றுகொண்டிருக்கும். அங்கே பிஸ்டன் பம்ப் அல்லது கியர் பம்ப் வேண்டும், அவையும் மெதுவானவை: நிமிடத்துக்கு 10 லிட்டர் என்றால் 100 லிட்டருக்குப் பத்து நிமிடம். அவசரத்தில் பத்து நிமிடம் என்பது மிக நீளம். மூடிய தொட்டியில் நீர் ஏறும்போது அதிலிருந்த காற்றுக்கும் இடம் வேண்டும்: 20 லிட்டர் தொட்டியின் காற்றை ஆட்கள் அமரும் 1,500 லிட்டர் அறைக்குள் விட்டால் அறையின் அழுத்தம் சுமார் 13 மில்லிபார் உயர்வதைக் காற்றழுத்தமானியின் முள் காட்டிக்கொடுக்கும். ஊசிக்குழாய் போன்ற பிஸ்டன் தொட்டியில் இந்தத் தொல்லையோ, உள்ளே நீர் அலம்புவதோ இல்லை. எனினும் 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள பிஸ்டனை 30 மீட்டரில் தள்ள ஏறத்தாழ 235 கிலோ எடைக்குச் சமமான விசை தேவை.

ஆகையால் மேற்பரப்பில் மிதக்கப் பெரிய திறந்த தொட்டியையும், ஆழத்தில் எடையைச் சரிக்கட்டச் சிறிய மூடிய தொட்டியையும் தனித்தனியே வைப்பதே எனக்கு உகந்ததாகத் தோன்றுகிறது. கடல்நீர் அடர்த்தி மிகுந்தது என்பதால், நன்னீரிலிருந்து கடலுக்குப் போகும் 2 டன் கலத்துக்குக் கூடுதலாக வேண்டிய 50 கிலோவை அந்தச் சிறு தொட்டியிடம் எதிர்பார்க்கக் கூடாது. அதைக் கரையிலேயே ஈயமாக ஏற்ற வேண்டும்.

1775இல் அமெரிக்கரான டேவிட் புஷ்னெல் கட்டிய 'டர்ட்டில்' என்ற நீர்மூழ்கி கைப்பம்பையே நம்பியது. ஆனாலும் அதன் அடியில் தொங்கிய ஈயத்தில் சுமார் 90 கிலோவை உள்ளிருந்தபடியே இறக்கிவிட வழி இருந்தது. இன்றைய கலத்திலும் அத்தகைய எடை வேண்டும். அதைக் கழற்றும் திருகு, சிலிண்டர் வறண்டு மின்கலம் தீர்ந்த பின்னும் கையால் சுழல வேண்டும்.