போக்கிமானைப் பயிற்சிக்குக் கொடுக்காதீர்கள், எனக்கு 2,400 ரூபாய் போச்சு

2,400 ரூபாய். விடிவதற்குள் அப்பாவோடு ரப்பர் பால்வெட்டுக்குப் போய்ச் சேர்த்த கைக்காசு. நேற்று சாயங்காலம்தான் ஏமாந்தது தெரிந்தது, ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

நாகர்கோவிலில் பழைய கேம் வாங்கி விற்கிற, கன்சோல் ரிப்பேரும் பார்க்கிற ஒரு கடை. பெயர் வேண்டாம். ‘ஆறு போக்கிமானும் போட்டிக்கு ரெடி பண்ணித் தரப்படும்’ என்று ஸ்டேட்டஸ் போட்டிருந்தார்கள். போக்கிமான் என்றால் கேமுக்குள் நாம் பிடித்து வளர்த்து மோத விடும் பிராணிகள், ஒரு குழுவில் ஆறு. எனக்கு செமஸ்டர் நேரம், போக்கிமான் ஸ்கார்லெட் கேமைத் திறக்கக்கூட முடியவில்லை. குலசேகரத்திலிருந்து பஸ் ஏறிப் போனேன்.

கடைக்கார அண்ணன் பேசிய பேச்சில்தான் விழுந்தேன். ஒரு போக்கிமானுக்கு மொத்தம் 510 ஈவி (பயிற்சியில் சேரும் புள்ளி), வேகம், தாக்குதல் மாதிரி ஒரு திறனில் 252-க்கு மேல் ஏறாது, உன் கார்சாம்ப் போக்கிமான் ஜாலி நேச்சர் (வேகத்தைக் கூட்டும் சுபாவம்) என்பதால் வேகத்தில் 252 போட்டால் லெவல் 50-ல் 169 வரும் என்று மடமடவென்று சொன்னார். ஐவி (பிறவிப் புள்ளி) குறைந்த இடங்களை, பாட்டில் மூடி என்ற கேம் பொருளைக் கொடுத்து ஹைப்பர் டிரெயினிங் என்ற வசதியில் சரிக்கட்டுவாராம். எல்லாமே சரியான கணக்கு. அதனால்தான் நம்பினேன். ‘மக்கா, நம்ம பிள்ளை மாதிரி பாத்துக்கிடுதேன்’ என்று தோளில் தட்டினார். கிபிள் என்ற ஆரம்ப வடிவத்தில் பிடித்து, 48-ஆம் லெவலில் கார்சாம்ப் ஆகும்வரை நானே வளர்த்தது அது. கேம் இருக்கும் ஸ்விட்ச் கன்சோலையும் 2,400 ரூபாயையும் அவர் கையில் கொடுத்தேன். ரசீதுகூடக் கேட்கவில்லை.

நாலு நாள் கழித்து வாங்கினேன். ஆறும் லெவல் 100. வீட்டுக்கு வந்து சித்தி மகனோடு, எல்லாப் போக்கிமானும் லெவல் 50 ஆகக் கணக்காகும் விதியில் மோதினேன். அவனுடைய ஆர்கனைன் முந்திக்கொண்டது. அதன் அடிப்படை வேகம் 95, கார்சாம்புக்கு 102. பார்த்தால் என்னுடையதன் வேகம் வெறும் 146! திறன் பக்கத்தில் எல் பொத்தானை அழுத்தினேன். ஈவி ஆறு பக்கமும் சிதறிக் கிடக்கிறது. கண்ணில் பட்டதையெல்லாம் அடித்து லெவலை மட்டும் ஏற்றியிருக்கிறார். எந்த போக்கிமானைத் தோற்கடிக்கிறோமோ அதற்கேற்பத்தான் ஈவி சேரும், அதுவும் குழுவில் உள்ள எல்லாவற்றுக்கும் சேரும். இது அவருக்குத் தெரியாதா? ஹைப்பர் டிரெயினிங் ஒன்றுகூட நடக்கவில்லை. ஆனால் நான் சேர்த்து வைத்திருந்த 11 பாட்டில் மூடியும் காணோம்.

போன் செய்தால் ‘கேம் அப்டேட் ஆயிருக்கும் தம்பி’ என்கிறார். அப்புறம் ‘சண்டை போடப் போட தானா ஏறும்’ என்றார். 510 நிறைந்த பிறகு எங்கே ஏறும்? இன்று காலையில் நேரில் போனேன். ‘அண்ணன் கொளச்சலுக்குப் போயிருக்காரு’ என்றான் கடைப்பையன். உள்ளே அவர் குரல் கேட்டது. அரை மணி நேரம் நின்ற பிறகு வெளியே வந்து, ‘இதுக்கெல்லாம் ரிட்டன் கிடையாது’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். என் 2,400 ரூபாய்!

எப்படிப் பயிற்சி கொடுப்பது என்று விரிவாக எழுதலாம் என்றுதான் ஆரம்பித்தேன், இப்போது மனசில்லை. ஸ்விட்சை யார் கையிலும் விட்டுவிட்டு வராதீர்கள். கொடுத்தே ஆக வேண்டுமென்றால், பையில் இருக்கும் பொருளை முதலில் போட்டோ எடுங்கள், திருப்பி வாங்கும்போது கடையிலேயே எல் பொத்தானை அழுத்திப் பாருங்கள், அப்புறம் காசு கொடுங்கள். நீங்களே பயிற்சி கொடுக்கலாம்: கேமுக்குள் வாங்கும் புரோட்டீன் ஒன்றுக்கு 10 ஈவி, 26 வாங்கினால் தாக்குதல் நிறைந்துவிடும். அவ்வளவு சுலபம்.

நான் இப்போது ஈவியைக் குறைக்கும் பெர்ரி என்ற கேம் பழத்தைக் கொடுத்து ஒவ்வொரு திறனாக இறக்கிக்கொண்டிருக்கிறேன். ஒரு பெர்ரிக்கு 10 தான் குறைகிறது. இன்னும் ஐந்து போக்கிமான் பாக்கி.