விலை குறைந்த 6 அங்குல பெஞ்ச் கிரைண்டர்: மோட்டாருக்காக வாங்கலாம், கல்லுக்காக அல்ல

வீட்டுப் பட்டறையில் உளி, டிரில் பிட், சின்ன லேத்துக்கான டூல் ஆகியவற்றைச் சாணை பிடிக்கத்தான் இதை வாங்கினேன். கடையில் இருந்ததிலேயே மலிவானது. 6 அங்குலம், 150 வாட், இரண்டு பக்கமும் சாம்பல் நிறக் கல். பெயர் சொல்லிப் பயனில்லை. இதே உடல் வேறு வேறு வண்ணத்தில், வேறு வேறு ஸ்டிக்கரோடு வருகிறது.

முதலில் இரண்டு கல்லையும் கழற்றிவிட்டு வெறும் தண்டை ஓடவிட்டேன். மலிவு கிரைண்டரை எடைபோட இதைவிட நல்ல வழி தெரியாது. அப்போதும் அதிர்ந்தால் மோட்டாரிலோ தண்டிலோ கோளாறு, திருப்பிக் கொடுத்துவிடலாம். இது சத்தமே இல்லாமல் ஓடியது. கழற்றும்போது ஒன்று: இடப்பக்க நட்டுக்கு எதிர்மரை, அதாவது வழக்கத்துக்கு எதிர்த்திசையில் திருப்பினால்தான் கழலும். கல் எந்தத் திசையில் சுழலுமோ அந்தத் திசையிலேயே திருப்பினால் இரண்டு பக்கமும் கழலும்.

ஆக, மோட்டார் தேறியது. தகட்டில் நிமிடத்துக்கு 2,850 சுற்று என்று இருக்கிறது. கீழே பொடி எழுத்தில் ‘எஸ்2 30 நிமிடம்’. அரை மணி ஓடினால் ஆறவிட வேண்டும் என்று அர்த்தம். வீட்டு வேலைக்கு அது தாராளம்.

கூட வந்த கற்கள்தான் மோசம். 36, 60 கிரிட் (துகளின் அளவு, எண் கூடக் கூட நைசு). துளையில் தண்டுக்கு ஏற்ப அளவைக் குறைக்கும் பிளாஸ்டிக் வளையம் (புஷ்), அதனால் கல் தள்ளாடுகிறது. 36-ஐ எடுத்துவிட்டு வெள்ளை அலுமினியம் ஆக்சைடு, 80 கிரிட் போட்டேன். வெள்ளைக் கல் சுலபமாக உதிர்ந்து புது முனைகளைக் காட்டும், அதனால் சூடு குறைவு. வாங்கும்போது கல்லில் அச்சிட்டிருக்கும் வேகம் இயந்திரத்தின் வேகத்தைவிட அதிகமா என்று பாருங்கள். மாட்டுவதற்கு முன் விரலில் தொங்கவிட்டு மரக் கைப்பிடியால் தட்டுங்கள். கணீரென்று கேட்க வேண்டும். மொத்தென்று கேட்டால் உள்ளே விரிசல், அதை மாட்டவே கூடாது. இரு பக்கமும் ஒட்டியிருக்கும் காகித வட்டத்தைப் பிய்க்க வேண்டாம், நட்டின் அழுத்தம் பரவ அதுதான் உதவுகிறது. மாட்டியதும் ஒரு நிமிடம் ஒதுங்கி நின்று ஓடவிட்டு, பிறகு வைர டிரஸ்ஸரால் (கல்லைச் சீவும் கருவி) கல்லின் முகத்தைச் சமன் செய்தேன். அதிர்வு பெரும்பாலும் போய்விட்டது.

டூலைத் தாங்கும் டூல் ரெஸ்ட் வெறும் வளைத்த தகடு. அழுத்தினால் மடங்குகிறது. தடிமனான இரும்புப் பட்டையில் ஒன்று செய்து, கிரைண்டரில் அல்லாமல் மேசையிலேயே பூட்டிவிட்டேன். கல்லுக்கும் ரெஸ்ட்டுக்கும் நடுவே 3 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி இருந்தால் டூல் உள்ளே இழுபடும்; கல் தேயத் தேய நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். கோணம் வைக்க அளவுகோலெல்லாம் தேவைப்படவில்லை. டூலின் சாய்வில் மார்க்கர் மை பூசி, அதைக் கல்லில் வைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கல்லைக் கையால் சுற்றினால் மை எங்கே அழிகிறது என்று தெரிந்துவிடும்.

உளி போன்ற கார்பன் ஸ்டீல் நீலமாக மாறினால் பதம் போயிற்று. அடிக்கடி தண்ணீரில் முக்குங்கள். எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல்) டூல் அந்தச் சூட்டையெல்லாம் தாங்கும். அதைக் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீரில் போட்டால்தான் நுண்விரிசல் விழும். கார்பைடு முனை இந்தக் கற்களுக்கு மசியாது, பச்சை நிறச் சிலிக்கான் கார்பைடு கல்லோ வைரக் கல்லோ வேண்டும். அலுமினியத்தைக் காட்டவே காட்டாதீர்கள், கல் அடைத்துக்கொள்ளும்.

கூட வரும் கண்ணாடி மறைப்பு பெயருக்குத்தான். கண்ணுக்குத் தனியாகப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். கையுறை மட்டும் வேண்டாம், கல் பிடித்து இழுத்துவிடும்.

லேத் டூலுக்கும் டிரில் பிட்டுக்கும் இது போதும். மர வேலை உளிகள்தான் அதிகம் என்றால் கொஞ்சம் பணம் சேர்த்து, சூடு குறைய இதில் பாதி வேகத்தில் சுற்றும் 8 அங்குல இயந்திரத்தை வாங்குங்கள்.