டூகஸா, டிரான்ஸ்கிரைபத்தானா: பழைய கையெழுத்தை டைப் பண்ண எங்க உக்காரலாம்?

போன வாரம் தெரிஞ்ச பொண்ணு ஒருத்தி கேட்டா, "அக்கா, நைட் ஷிஃப்ட் இல்லாத அன்னைக்கெல்லாம் ஏதோ பழைய நோட்டைப் பாத்து டைப் பண்ணிக்கிட்டே இருக்கீங்களே, நானும் செய்யலாமா, எதுல சேரணும்"னு. வாய்ஸ் மெசேஜ் போட ஆரம்பிச்சேன், நீண்டுக்கிட்டே போச்சு, சரி எழுதியே வச்சிடுவோம், வேற யாருக்காவது ஆகும்.

நான் அயர்லாந்து வந்து ஒன்பது வருஷம் ஆகுது. ஐரோப்பாவுல பழைய கையெழுத்துக் காகிதங்களை ஸ்கேன் பண்ணி நெட்ல போட்டுட்டு, இதைப் படிச்சு டைப் பண்ணிக் குடுங்கன்னு பொதுமக்கள்கிட்ட கேக்குற திட்டங்கள் நிறைய இருக்கு. அதுல நான் வேலை பாத்தது ரெண்டே ரெண்டுலதான். ஒண்ணு, ஐரோப்பா முழுக்க உள்ள மியூசியம், நூலகப் பொருள்களை நெட்ல காட்டுற ஐரோப்பியானா தளத்தோட டிரான்ஸ்கிரைபத்தான், ஆறு மாசம். இன்னொண்ணு இங்கயே உள்ள, அயர்லாந்து நாட்டுப்புறச் சங்கதிகளை வச்சிருக்கற டூகஸ் தளத்தோட டைப் பண்ற திட்டம், பேரு மெஹல், ரெண்டு வருஷத்துக்கு மேல. இப்ப இருக்கறதும் அதுலதான், அதனால என் மனசு எந்தப் பக்கம்னு முதல்லயே சொல்லிடுறேன்.

ரெண்டுலயும் காசு கிடையாது, ஒரு அக்கவுண்ட் போதும், ஒரு பக்கம் படம் இன்னொரு பக்கம் டைப் பண்ற பெட்டி. போன்ல கண்ணு வலிக்கும், லேப்டாப் வேணும். இதுல ஒண்ணும் பெருசா வித்தியாசம் இல்ல.

டிரான்ஸ்கிரைபத்தான் 2016ல ஆரம்பிச்சது. ஆனா அதோட வேர் அதுக்கும் முன்னாடி, 2008ல ஆக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழகம் பொதுமக்கள்கிட்ட இருந்து முதல் உலகப்போர் காலத்துப் பொருள்களோட படங்களை வாங்கிச்சு, நாலு மாசத்துல 6,500க்கும் மேல வந்து குவிஞ்சது. அந்த மாதிரியை ஐரோப்பியானா 2011ல ஜெர்மனிக்குக் கொண்டு போய், அப்புறம் நாடு நாடா விரிச்சது. ஒரு நாள் குறிப்பாங்க, ஜனங்க வீட்ல இருக்கற கடுதாசி, டைரி, மெடல் எல்லாம் தூக்கிட்டு வருவாங்க, அங்கயே ஸ்கேன் பண்ணி, கதையைக் கேட்டு எழுதிக்கிட்டு, பொருளைத் திருப்பிக் குடுத்துடுவாங்க. 2012ல டப்ளின் நேஷனல் லைப்ரரிலயும் நடந்துச்சு. அந்தப் போர்ல பிரிட்டிஷ் படையில சேர்ந்த ஐரிஷ்காரங்க சுமார் 2 லட்சம் பேர், ஆனா நாடு சுதந்திரம் வாங்கினப்புறம் அதைப் பத்தி வாய் திறந்து பேச முடியாத நிலைமை, அதனால எத்தனையோ வீட்ல அந்தக் கடுதாசிங்க பரண்லயே கிடந்தது. அது வெளிய வந்ததே பெரிய விஷயம்னு நான் நினைக்கிறேன்.

அங்க வேலை பாக்குறது நல்லா விறுவிறுப்பாவும் இருக்கும், டீம் டீமா போட்டி வைப்பாங்க, டைப் பண்ணப் பண்ண மைல் கணக்குல உங்க ஓட்டம் ஏறும். நான் சிக்கினது கையெழுத்துல. ஜெர்மன் பக்கங்கள் நிறைய குர்ரெண்ட்னு ஒரு பழைய எழுத்துல இருக்கும், அதுல 'e'யும் 'n'னும் பாத்தா ஒண்ணு போலவே தெரியும், எனக்கு ஜெர்மனும் அரைகுறை, ஒரு பக்கம் முடிக்க மூணு ராத்திரி ஆச்சு. இன்ஸ்ப்ரூக்ல உருவான டிரான்ஸ்கிரிபஸ்னு ஒரு மென்பொருள் இருக்கு, மெஷினே முதல்ல ஒரு தடவை படிச்சுக் குடுத்துடும், நாம திருத்தினா போதும், அதை அப்புறமா அங்கயும் இணைச்சிருக்காங்க. நான் விலகினப்புறம் வந்ததால அது எவ்வளவு சுலபம்னு என் வாயால சொல்ல முடியாது.

இப்ப டூகஸ். 1937ல இருந்து 1939 வரைக்கும் அயர்லாந்து நாட்டுப்புறவியல் ஆணையம் ஒரு வேலை பண்ணுச்சு. தெற்குல உள்ள 26 கவுண்டியிலயும் (நம்ம ஊரு மாவட்டம் மாதிரி) ஆரம்பப் பள்ளிக்கூடத்துல பெரிய வகுப்புப் பசங்க, 11 வயசுல இருந்து 14 வயசு வரைக்கும், கட்டுரை எழுதுற நேரத்துல கட்டுரைக்குப் பதிலா வீட்ல தாத்தா பாட்டிகிட்டயும் பக்கத்து வீட்லயும் கேட்ட பழைய சங்கதிகளை எழுதிட்டு வரணும். 5,000க்கும் மேல பள்ளிக்கூடம், மொத்தம் கிட்டத்தட்ட 7,40,000 பக்கம். யோசிச்சுப் பாருங்க, குழந்தைங்க கையால எழுதின ஒரு நாட்டோட ஞாபகம். அதெல்லாம் இப்ப டப்ளின் யுனிவர்சிட்டி காலேஜ்ல தேசிய நாட்டுப்புறவியல் தொகுப்புல பத்திரமா இருக்கு. ஆணையம் சேர்த்த மொத்தத் தொகுப்பையும் யுனெஸ்கோ 2017ல உலக நினைவுப் பதிவேட்ல சேர்த்துச்சு.

நான் முதல் முதலா டைப் பண்ணது கக்குவான் இருமலுக்கு வைத்தியம். புள்ளையைக் கழுதை வயித்துக்குக் கீழ மூணு தடவை நுழைக்கணும், இல்லன்னா வெள்ளைக் குதிரையில வர்ற ஆளை நிறுத்தி என்ன மருந்துன்னு கேக்கணும், அவன் என்ன சொல்றானோ அதுதான் மருந்து. எங்க அப்பாயி கழுதைப்பால் குடுத்த கதை ஞாபகம் வந்து அப்படியே கையை வச்சுக்கிட்டு உக்காந்துட்டேன். புனிதக் கிணறு, வெண்ணெய் திருட்டு, மோகினி மேடு, 1840கள்ல வந்த பெரும் பஞ்சம், ஒவ்வொரு பக்கத்துலயும் ஒரு ஊரு இருக்கு. கையெழுத்தும் பள்ளிக்கூடத்துக் கையெழுத்து, குண்டு குண்டா, ஆங்கிலப் பக்கம்னா எங்க மாதிரி ஆளுங்களுக்கு ஒரு சிரமமும் இல்ல. எழுத்துப்பிழை இருந்தா பிழையோடவே அடிச்சு வைப்பேன், பத்து வயசு தாண்டின புள்ளையோட காது எப்படிக் கேட்டுச்சுன்னு அதுலதான் தெரியும்.

ஐரிஷ் பக்கத்துல என் அனுபவம் கம்மி. பழைய ஐரிஷ் எழுத்துல மெய்யெழுத்துக்கு மேல புள்ளி வைப்பாங்க, டைப் பண்றப்போ புள்ளிக்குப் பதிலா பக்கத்துல ஒரு 'எச்' போடணும், நம்ம புள்ளி மாதிரின்னு நினைச்சுக்கிட்டு உள்ள போனேன், ஆனா அங்க அது சத்தத்தையே மாத்திடுது. பொண்ணு ஸ்கூல்ல ஐரிஷ் படிக்கிறா, அவ பக்கத்துல இருந்தா ஒரு பக்கம் ஓடும், தனியா நான் தொட மாட்டேன்.

சரி, நான் ஏன் மாறினேன்னா, கையெழுத்து சுலபம்ங்கறது பாதிதான். மீதி, நாம டைப் பண்ணதை நாளைக்கு யார் பாத்துக்கறாங்கங்கற கேள்வி. ராத்திரி தூக்கத்தை விட்டுட்டு பண்ற வேலை, பத்து வருஷம் கழிச்சும் தேடுறவங்க கையில கிடைக்கணும்ல. டூகஸ்ல காகிதமும் ஸ்கேனும் டைப் பண்ண எழுத்தும் ஒரே குடும்பத்துல இருக்கு. காகிதம் வச்சிருக்கற காலேஜ், தளத்தைக் கட்டின டப்ளின் சிட்டி யுனிவர்சிட்டியோட கெயிஷ் குழு, அரசாங்கத் துறை, மூணு பேரும் சேர்ந்து நடத்துறாங்க. ஒரு வார்த்தையில சந்தேகம்னா மூலப் பக்கம் எந்தத் தொகுதியில எத்தனாவது பக்கம்னு அங்கயே இருக்கு. கவுண்டி, ஊரு, பள்ளிக்கூடம்னு வரிசையா அடுக்கி வச்சிருக்காங்க, எழுதின புள்ளை யாரு, யாருகிட்ட கேட்டுச்சு, அவங்க வயசு என்ன, எல்லாம் குறிச்சிருக்கு. நான் வேலை பாக்குற வார்டுல ஒரு வயசான அம்மா, அவங்க அக்கா படிச்ச பள்ளிக்கூடத்துப் பேரைச் சொன்னாங்க, பிரேக்ல தேடினேன், அக்கா பேரே இருந்துச்சு. யாரோ ஒருத்தர் ஏற்கனவே டைப் பண்ணி வச்சிருந்ததாலதான் அவ்வளவு சீக்கிரம் மாட்டுச்சு, நான் சத்தமா வாசிச்சேன், அவங்க கண்ணை மூடிக் கேட்டாங்க.

ஐரோப்பியானா அப்படி இல்ல, அது பெரும்பாலும் ஆயிரக்கணக்கான மியூசியம், நூலகங்கள்ல இருக்கறதை ஒரு வாசல்ல கொண்டு வந்து காட்டுற இடம். ஐரோப்பிய ஒன்றியத்தோட நிதியில, காலம் குறிச்ச ஒப்பந்தங்கள்ல ஓடுது. 1914-1918 போர் சேகரிப்புக்கு முதல்ல தனித் தளம் இருந்துச்சு, அப்புறம் அது பெரிய ஐரோப்பியானா தளத்துக்குள்ள ஒரு பகுதியா சேர்ந்துடுச்சு. சேர்ந்தது தப்புன்னு சொல்ல வரல, உள்ள இருக்கறது பத்திரமாத்தான் இருக்கு. ஆனா பொதுமக்கள் கொண்டு வந்த பொருள்ல மூலக் காகிதம் அவங்கவங்க வீட்டுக்கே போயிடுச்சு, அதனால ஸ்கேனைப் பாத்துக்கற பொறுப்பு முழுக்க ஒரு திட்டத்து மேல நிக்குது.

இதையே திருப்பிப் போட்டும் பாத்தேன். 1922 ஜூன் 30ல டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத்துல இருந்த பொது ஆவணக் கட்டடம் எரிஞ்சப்போ ஏழு நூற்றாண்டுக் காகிதம் போச்சு. சரியா நூறு வருஷம் கழிச்சு, 2022ல, வேற வேற ஆவணக் காப்பகங்கள்ல இருந்த நகல்களைத் தேடிச் சேர்த்து மெய்நிகர் கருவூலம் ஒண்ணு திறந்தாங்க. அப்போ ஒரே இடத்துல இருக்கறது மட்டும் பாதுகாப்பு ஆகிடாது. டூகஸ் காகிதம் கல்லூரி அலமாரியில இருக்கு, நான் டைப் பண்ணலன்னாலும் அது இருக்கும். பரண்ல இருந்து ஒரு நாள் மட்டும் இறங்கி வந்துட்டுப் போன கடுதாசிக்கு அந்த ஸ்கேன்தான் வெளி உலகத்துல இருக்கற ஒரே நகலா இருக்கலாம். அவசரம்னு பாத்தா டிரான்ஸ்கிரைபத்தான் பக்கம்தான் அவசரம், அதை ஒத்துக்கறேன். ஜெர்மனோ போலிஷோ ருமேனியனோ நல்லாத் தெரிஞ்சவங்க இருந்தா யோசிக்காம அங்க போங்க, உங்களை மாதிரி ஆள்தான் அங்க வேணும்.

உரிமம் பத்தி ஒரு வரி: டூகஸ்ல இருக்கறதை மூலத்தைக் குறிப்பிட்டுட்டுப் பயன்படுத்தலாம், ஆனா வியாபாரத்துக்கு எடுக்க முடியாது. எனக்கு அதுல குறை ஒண்ணும் தெரியல.

மெஹல்ங்கற வார்த்தைக்கு அர்த்தம், அறுப்புக்கு அக்கம்பக்கத்துக்காரங்க எல்லாம் கூடி ஒருத்தர் வயலை முடிச்சுட்டு அடுத்தவர் வயலுக்குப் போறது. எங்க ஊர்ல மாத்தாள் போறதுன்னு சொல்வோம். வந்த ஊர்ல எனக்கு வயலும் இல்ல, பரணும் இல்ல, ஒரு பக்கம் டைப் பண்ணா ஒரு ஆள் வேலை பாத்த மாதிரி இருக்கு.

முதல்ல கேட்டாளே, அந்தப் பொண்ணு குடியிருக்கறது மேயோ கவுண்டி பக்கம். உன் வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துப் பேரைப் போட்டுத் தேடு, இன்னும் யாரும் டைப் பண்ணாத ஆங்கிலப் பக்கமா ஒண்ணு எடுத்துக்கோ, முதல் வாரம் ஒரே ஒரு பக்கம் போதும்னு சொல்லியிருக்கேன். நேத்து ராத்திரி ஒரு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினா, "அக்கா, மூணாவது வரியில இது என்ன வார்த்தை?" எனக்கும் இன்னும் பிடிபடல, பெருசு பண்ணிப் பாத்துக்கிட்டு இருக்கேன்.