தாத்தா பெயரா, தலத்துப் பெயரா, புதுப் பெயரா? ராமநாதபுரம் கரையில் பிள்ளைக்குப் பெயர் வைக்கும்போது

தொட்டில் கட்டும் நாள் நெருங்கினால் ராமநாதபுரம் கடற்கரை வீடுகளில் பேச்சு மூன்று பக்கம் இழுக்கும். "எங்கப்பா பேரு விட்டுப் போயிரக் கூடாது" என்பார் தாத்தா. நேர்ந்துகொண்ட சாமி பெயரைத்தான் வைக்கவேண்டும் என்பார் அப்பத்தா. பெற்றவர்கள் போனில் ஒரு பட்டியலைப் புரட்டிக்கொண்டிருப்பார்கள். தேவிபட்டினமோ ஏர்வாடியோ தங்கச்சிமடமோ, கும்பிடும் இடம் மாறினாலும் இழுபறி இதேதான்.

தாத்தா பெயருக்கு மொழியே சாட்சி சொல்கிறது. பேரன் என்பது பெயரன். பாட்டன் பெயரைத் தாங்குகிறவன். அப்துல் கலாமின் முழுப்பெயர் இன்னும் ஒரு படி மேலே போகிறது. அவுல் கொள்ளுப்பாட்டனார், பக்கீர் பாட்டனார், ஜைனுலாப்தீன் வாப்பா. அதன் பிறகுதான் அவர் பெயர். நாலு தலைமுறை ஒரே வரியில் நிற்கிறது.

ஆனால் இந்தப் பெயரை வீட்டில் யார் கூப்பிடுவது? மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லமாட்டாள். அதனால் முனியசாமி என்று பெயர் வைத்த பிள்ளைக்கு வீட்டில் 'ராசு' என்று இன்னொரு பெயர் ஒட்டிக்கொள்ளும். பள்ளியில் சேர்க்கும் அவசரத்தில் அந்த ராசுவே பதிவேட்டில் ஏறிவிடும். பிறப்புச் சான்றிதழில் ஒன்று, மாற்றுச் சான்றிதழில் ஒன்று என்று அலையும் பல குடும்பங்களின் கதை இங்கேதான் தொடங்குகிறது. அண்ணன் தம்பி இருவரும் தங்கள் மூத்த மகனுக்கு ஒரே தாத்தா பெயரை வைப்பது அடுத்த சிக்கல். அப்பாக்கள் கருப்பையாவும் காளிமுத்துவும் என்றால், ஆங்கிலத்தில் இரு பிள்ளைகளுமே 'கே. முனியசாமி'. ஒரே தெரு, ஒரே வங்கிக் கிளை. கடிதமும் பணமும் மாறிப்போக வேறென்ன வேண்டும்?

தலத்துப் பெயர்தான் இந்தக் கரையின் உண்மையான சொத்து. பெயரைச் சொன்னாலே ஊரைச் சொல்லிவிடலாம். ராமநாதன், பர்வதவர்த்தினி என்றால் ராமேஸ்வரம். மங்களநாதன், மங்களேஸ்வரி என்றால் உத்தரகோசமங்கை. சினேகவல்லி திருவாடானை. ஜெகநாதன் என்றால் திருப்புல்லாணி ஆதிஜெகநாதப் பெருமாளை நினைக்கலாம். வழிவிட்டான் என்ற பெயரை வெளியூர்க்காரர்கள் கேட்டு விழிப்பார்கள். ராமநாதபுரத்து வழிவிடு முருகனைத் தெரிந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. சேது என்றால் அணை, பாலம். இரண்டே எழுத்தில் இந்த நிலம் முழுக்க அடங்கிவிடுகிறது.

கிறிஸ்தவப் பெயர்களில் நடந்திருப்பது அழகான மொழிபெயர்ப்பு. ஸ்தேவான் என்பதன் கிரேக்க மூலத்துக்குக் கிரீடம் என்று பொருள். அவர் முடியப்பர் ஆனார். பவுல் என்றால் சிறியவர், சின்னப்பர். யோவான் என்றால் கடவுள் அருளினார்; அருளப்பர். 1693இல் ஓரியூரில் தலை வெட்டப்பட்ட போர்த்துக்கீசியப் பாதிரியார் ஜான் தெ பிரிட்டோ அருளானந்தர் ஆனதும் அந்த வழியில்தான். யாக்கோபு என்னும் சந்தியாகுவோ போர்த்துக்கீசிய ஒலியிலேயே தங்கிவிட்டார். சவேரியார் என்ற பெயரின் வேர் பாஸ்கு மொழியில் 'புதிய வீடு' என்பது. அந்தோணி என்ற பெயருக்குக் கச்சத்தீவு அந்தோணியார் திருவிழா ஒன்றே போதும்.

இஸ்லாமியப் பெயர்களைத் தமிழ் நாக்கு தன் போக்கில் உருட்டியிருக்கிறது. கீழக்கரை வள்ளல் செய்கு அப்துல் காதிர் 'சீதக்காதி' ஆனார். இந்த உருட்டலுக்கு இதைவிட நல்ல சான்று கிடையாது. முஹ்யித்தீன் முகைதீனாகி, மைதீனாகி நிற்கிறது. ஏர்வாடி தர்காவில் அடங்கியிருப்பவர் சையது இப்ராகிம். சுற்றுவட்டாரத்தில் இப்ராகிம் ஏன் இத்தனை பேர் என்று கேட்கவே வேண்டாம்.

தலத்துப் பெயருக்கும் குறை உண்டு. பர்வதவர்த்தினியை ஆங்கிலத்தில் எழுதினால் எழுத்துகள் விண்ணப்பக் கட்டங்களைத் தாண்டும். முகைதீனை வீட்டில் ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள். பெரிய தவறு 'அப்துல்'லில் நடக்கிறது. அப்துல் என்றால் '...இன் அடியான்' என்ற பாதிச் சொல். காதிர் என்பது இறைவனின் பெயர்களில் ஒன்று, வல்லமை உள்ளவன். விண்ணப்பத்தில் அப்துல் பெயர்க் கட்டத்திலும் காதர் குடும்பப்பெயர்க் கட்டத்திலும் போனால் பொருளும் உடைகிறது, பெயரும் உடைகிறது. அப்துல்காதர் என்று ஒரே சொல்லாக எழுதுங்கள். அப்பா பெயர் அடுத்த கட்டத்துக்குப் போகட்டும்.

புதுப் பெயர்களில் இரண்டு வகை. தூய தமிழ்ப் பெயர்களுக்கு நூறாண்டுப் பின்புலம் உண்டு. 1916இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கிய வேதாசலம் தன் பெயரையே மறைமலை என்று மாற்றிக்கொண்டார். யாழினி, கயல்விழி, நிலா எல்லாம் சொல்லவும் கேட்கவும் இனியவை. (கயல் நன்னீர்க் கெண்டை, கடல் மீன் என்று நினைத்து வைப்பவர்கள் தெரிந்துகொள்ளலாம்.) இவற்றில் கவனிக்கவேண்டியது ழகரம். ஆங்கிலத்தில் அதற்கு இசட்-எச் போடுவதா எல் போடுவதா என்பதை முதல் நாளே முடிவு செய்துவிட வேண்டும். இன்னொரு வகை, 'ஷ்' என்று முடியும் பட்டியல் பெயர்கள். இவற்றில் பலவற்றுக்கு இணையத்தில் தரப்படும் பொருள் இட்டுக்கட்டியது. எந்த மொழிச் சொல், எந்த வேர் என்று சொல்ல முடியாத பெயரைத் தவிர்ப்பது நல்லது. எண்கணிதத்துக்காக ஆங்கிலத்தில் ஓர் 'ஏ'யைக் கூட்டுவதை ஒப்பவே முடியாது. தடுப்பூசி அட்டையில் ஒரு 'ஏ', ஆதாரில் இரண்டு 'ஏ' என்று ஆகும். ஆதாரில் பெயர் திருத்த ஆயுளுக்கு இரண்டு வாய்ப்புதான்.

மூன்றில் தலத்துப் பெயரின் சுருக்க வடிவமே மேல் என்பது எங்கள் முடிவு. சேது, மங்களா, வர்த்தினி, அருள், சந்தியாகு, இப்ராகிம். பல வீடுகளில் தாத்தாவின் பெயரும் அந்தத் தலத்திலிருந்து வந்ததாகத்தான் இருக்கும். ஆகவே அவருக்கும் மனக்குறை இராது. தாத்தா பெயர், சாமி பெயர், புதுப் பெயர் மூன்றையும் கோத்து ஒரே பெயராக்குவதுதான் கூடாது.

எது வைத்தாலும் பதிவில் அவசரம் வேண்டாம். பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். ஆனால் அப்போது பெயர் கட்டாயமில்லை. பெயரை 12 மாதம் வரை கட்டணமில்லாமலும், அதன் பிறகு 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்துடனும் சேர்க்கலாம். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்குப் பாஸ்போர்ட் எடுக்கப் பிறந்த தேதிச் சான்று பிறப்புச் சான்றிதழ் ஒன்றுதான். எனவே அதில் இருக்கும் எழுத்துக்கூட்டையே மற்ற எல்லாவற்றிலும் எழுதவேண்டி வரும். ஞானஸ்நானப் பதிவேட்டிலும் அதே பெயரை எழுதச் சொல்லுங்கள்.

வளைகுடாவுக்குப் போகும் ஊர்கள் இவை என்பதால் இன்னொன்று. பாஸ்போர்ட்டில் முன்னெழுத்தை விரித்து எழுத வேண்டும். ஒரே சொல் பெயரோடு, குடும்பப்பெயர்க் கட்டம் காலியாக உள்ள பாஸ்போர்ட்டை 2022 நவம்பர் முதல் ஐக்கிய அரபு அமீரகம் சுற்றுலா, வருகை விசாவுக்கு ஏற்பதில்லை. பர்னாந்து போன்ற குடும்பப்பெயர் உள்ளவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. மற்றவர்கள் அப்பா பெயரை அந்தக் கட்டத்தில் எழுதலாம்.

பதியப் போகுமுன் பிள்ளை, அப்பா, அம்மா மூவர் பெயரையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி எடுத்துப்போங்கள். வாயால் சொல்லி எழுதவைக்க வேண்டாம். சான்றிதழ் கைக்கு வந்ததும் அங்கேயே நின்று எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள், அப்பா பெயரையும் சேர்த்து.