செம்பு பாய்லர் மாற்றப் போகிறீர்களா? ஒரு காந்தமும் ஒரு கிலோ உப்பும் எடுத்துப் போங்கள்

மார்கழி வருவதற்குள், விறகு எரித்து வெந்நீர் போடும் பழைய செம்பு பாய்லரைப் போட்டுவிட்டுப் புதுசு எடுக்கலாம் என்று இருக்கும் வேலூர்ப் பக்கத்து ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். குறிப்பாக, பத்தாயிரத்துக்குள் முடிக்க வேண்டும், பழையதைக் கொடுத்துக் கொஞ்சம் கழித்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போடுகிறவர்களுக்கு. எங்களுக்குப் பழைய பாய்லரிலும் அடி, புது பாய்லரிலும் அடி. இரண்டும் ஒரே கடையில், ஒரே மணி நேரத்தில். கடையின் பெயரைப் போடவில்லை. போட்டால் பேச்செல்லாம் பெயரைச் சுற்றியே போய்விடும். இந்த வித்தை எப்படி நடக்கிறது என்று நாலு பேருக்குத் தெரிந்தால் போதும்.

எங்கள் வீடு கணியம்பாடி பக்கம். வேலூர் என்றால் வெயில் என்றுதான் ஊரெல்லாம் பேசும். மார்கழி, தை விடியற்காலையில் இங்கே வந்து ஒரு குடம் பச்சைத் தண்ணீரைத் தலையில் ஊற்றிப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. வெந்நீர் இல்லாமல் ஆகாது.

கீசர் வைக்கலாமே என்பீர்கள். வைத்தோம். எங்கள் போர் தண்ணீர் அப்படி ஓர் உப்பு. உள்ளே இருக்கும் காயிலின் மேல் சுண்ணாம்பு மாதிரிப் படிந்து, காயில் போய், மாற்றி, மறுபடியும் போனது. டேங்க் அரிக்காமல் இருக்க உள்ளே ஒரு மக்னீசியம் கம்பி இருக்கும், அதை அவ்வப்போது பார்த்து மாற்ற வேண்டும் என்று விற்றவரும் சொல்லவில்லை, பொருத்த வந்தவரும் சொல்லவில்லை. அப்புறம் கரண்ட். 2 கிலோவாட் கீசர் ஒரு மணி நேரம் ஓடினால் 2 யூனிட். இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் விகிதமே மாறி, பில் எகிறிவிடும். கொல்லையில் தென்னை இருக்கிறது. மட்டையும் பாளையும் பன்னாடையும் சும்மா விழுந்து கிடக்க, வெந்நீருக்குக் கரண்ட் எதற்கு என்பது அம்மாவின் கட்சி. அதில் நியாயம் இருக்கிறது.

பழைய பாய்லர் அம்மாவின் கல்யாணச் சீர். 1986. நடுவில் நெருப்பு எரியும் புகைக்குழாய், அதைச் சுற்றித் தண்ணீர், கீழே சாம்பல் தட்டு, தண்ணீர் பிடிக்கப் பித்தளைக் குழாய், மூன்று கால். முப்பத்தைந்து லிட்டருக்குக் கொஞ்சம் கூடவே பிடிக்கும். போன வருஷம் ஐப்பசியில் புகைக்குழாய் அடியில் சேரும் இடத்தில் சொட்ட ஆரம்பித்தது. நெருப்பில் தண்ணீர் சொட்டி, புகை மூட்டம்.

வேலூரில் ஒரு பெரிய பாத்திரக் கடைக்குக் குட்டியானையில் ஏற்றிக்கொண்டு போனோம். பற்றவைத்துக் கொடுப்பீர்களா என்றுதான் முதலில் கேட்டோம். கடைக்காரர் பாய்லரைச் சாய்த்து அடியை ஒரு பார்வை பார்த்தார். "அடி போயிட்ச்சு சார். இன்னிக்கு ஒட்டுனா நாளைக்கு வேற இடத்துல வுடும். மாத்திடுங்க" என்றார். அந்த ஒரு வார்த்தைதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம்.

முதலில் பழையதை எடை போட்டார்கள். தராசு 6 கிலோ 900 கிராம் காட்டியது. அதில் கரிக்கு, உப்புப் பாறைக்கு, ஈயத்துக்கு என்று 1 கிலோ 900 கழித்தார்கள். மீதி 5 கிலோ. கிலோ 500 ரூபாய் வீதம் 2,500. உள்ளே உப்பு படிந்திருந்தது உண்மைதான், கழிப்பதில் தப்பில்லை. ஆனால் அன்றைக்குப் பழைய செம்பு எடுக்கும் கடைகளில் கிலோ 650 வரை போய்க்கொண்டிருந்தது. அதைவிட முக்கியமானது, வீட்டுக்கு வந்த பிறகு அம்மா பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டிய சீர்வரிசை நோட்டு. என் தாத்தா கையெழுத்தில், குத்துவிளக்குக்கும் அண்டாவுக்கும் நடுவில் ஒரு வரி: 'செம்பு பாய்லர் 1 – 8.200 கிலோ'. இத்தனை வருஷத்தில் செம்பு கொஞ்சம் தேய்ந்திருக்கும், சரி. மேலே உப்பும் கரியும் ஏறியிருக்கிறதே, அது எங்கே போயிற்று? உப்போடு சேர்த்தும் 6.900தானா?

எலெக்ட்ரானிக் தராசுக்கு வருஷத்துக்கு ஒரு முறை முத்திரை போட வேண்டும். தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையின் எடையளவு அதிகாரிகள் அதைப் பார்க்கிறார்கள், புகாரும் அவர்களிடம்தான். முத்திரை எங்கே என்று கேட்க நமக்குக் கூச்சமாக இருக்கும். அதற்கு ஒரு சுலபமான வழி உண்டு. பையில் ஒரு கிலோ உப்புப் பாக்கெட் ஒன்றைக் கொண்டு போங்கள். பழைய பாத்திரத்தை வைக்கும் முன் அதைத் தராசில் வையுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள முடியாது.

அடுத்தது புதுசு. பளபளவென்று ஒன்றை எடுத்து வைத்தார்கள். விலை 11,500. பழையது போக 9,000. எங்கள் கைக்கு அடக்கமாக இருந்தது. அம்மா தட்டிப் பார்த்துவிட்டு, "நம்முது மாதிரி கெட்டியா இல்லியே" என்றார். கடைக்காரர் சிரித்தார். "இன்னாம்மா இப்படி சொல்றீங்கோ? உங்குளுது 20 கேஜு. இது 28 கேஜு. எட்டு கேஜு ஜாஸ்தி. கண்ண மூடிகினு எடுத்துகினு போங்க."

இந்த இடத்தைக் கவனியுங்கள். அவர் பொய் சொல்லவில்லை. அது 28 கேஜ் தகடுதான். கேஜ் கணக்கில் எண் ஏற ஏறத் தகடு மெலியும். 20 கேஜ் என்றால் கிட்டத்தட்ட 0.9 மில்லிமீட்டர். 22 என்றால் 0.7, 24 என்றால் 0.56, 28 என்றால் 0.38தான். அதாவது பழையதில் பாதிகூடக் கிடையாது. 'எட்டு கேஜ் ஜாஸ்தி' என்பது எண்ணில் உண்மை, தகட்டில் தலைகீழ். பத்திரப் பேப்பரில் எழுதி வாங்கினாலும் இந்தப் பேச்சில் அவரைப் பிடிக்க முடியாது. உண்மையைச் சொல்லியே ஏமாற்றும் இந்தத் திறமைக்கு ஒரு சலாம் போடத்தான் வேண்டும்.

ஆனால் அடுத்து வருவது திறமை இல்லை, நேரான மோசடி.

கார்த்திகை முடியும்போது வெந்நீர் லேசாகச் சிவந்து வந்தது. போர் தண்ணீர்தானே, மண் கலந்திருக்கும் என்று விட்டோம். பச்சைத் தண்ணீர் தெளிவாக இருக்கிறது, பாய்லரில் நின்ற தண்ணீர் மட்டும் சிவக்கிறது. அம்மாவின் வெள்ளைத் துண்டில் காவிக் கறை, துவைத்தாலும் போகவில்லை. செம்பு களிம்பு ஏறினால் பச்சையாகத்தான் ஏறும். காவி எங்கிருந்து வந்தது? ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த காந்தத்தை ஒரு நூலில் கட்டி, ஆறிக் கிடந்த பாய்லரின் புகைக்குழாய்க்குள் விட்டேன். டக்கென்று ஒட்டிக்கொண்டது. வெளித் தகட்டில் வைத்தால் வழுக்கி விழுகிறது. குழாய்க்குள் எங்கே வைத்தாலும் பிடிக்கிறது. உள்ளே இருந்தது இரும்புக் குழாய். மேலே செம்புக் கலரில் பெயிண்ட். முதல் நாள் நெருப்பிலேயே உள்பக்கம் கரி பூசிக்கொள்ளும், அதற்குப் பிறகு அது என்ன உலோகம் என்று யார் பார்க்கப் போகிறார்கள்?

சூடாவதில் பெரிய வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். பிரச்சினை துரு. உப்புத் தண்ணீரில் செம்பும் இரும்பும் ஒட்டி நின்றால் இரும்பு வழக்கத்தைவிட வேகமாக அரிக்கும். தனி இரும்பு பாய்லர் தாங்கும் அளவுக்குக்கூட இந்தக் கலப்பு தாங்காது.

குடியாத்தத்தில் பாத்திரம் பற்றவைக்கும் பெரியவர் ஒருவரிடம் எடுத்துப் போனேன். முதலில் எடை போட்டார். மொத்தம் 4 கிலோ 100. "தம்பி, இதுல செம்பு ரெண்டரைக் கிலோ இருந்தா பெருசு" என்றார். அப்புறம் அடிச் சேர்ப்பை நகத்தால் கீறிக் காட்டினார். நகம் பட்ட இடம் வெள்ளையாக மின்னியது. ஈயப் பற்று. ஈயமும் வெள்ளீயமும் கலந்த அந்தப் பற்று 200 டிகிரிகூடத் தாங்காது. தண்ணீர் கொஞ்சம் குறைந்து நெருப்பு எட்டினால் அன்றைக்கே விட்டுவிடும். பழைய பாய்லர்களில் பித்தளை வைத்துப் பற்றவைத்திருப்பார்கள், அது 900 டிகிரி பக்கம் போனால்தான் உருகும். பழையதின் ஒழுகலைப் பற்றிச் சொன்னேன். "புகைக்குழாய் அடியிலயா? அது எல்லாத்துலயும் வர்றதுதான். ஆயிரம் ரூபா வேலை. அதையா போட்டுட்டு வந்தீங்க?" என்றார்.

கடைக்குத் திரும்பப் போனோம். முதலில் உப்புத் தண்ணீர் என்றார்கள். காந்தத்தைக் காட்டியதும், "செம்பு பாய்லர்னா வெளிய செம்பு சார், உள்ள எல்லாருமே இரும்புதான் போடறாங்கோ" என்றார்கள். பழைய பாய்லரையாவது கொடுங்கள் என்றால், அன்றைக்கே உடைத்துப் போட்டுவிட்டார்களாம். எங்கள் கையில் இருந்தது 'எஸ்டிமேட்' என்று அச்சடித்த ஒரு துண்டுச் சீட்டு. ஜிஎஸ்டி எண் இல்லை, உலோகம் என்ன, எடை என்ன, ஒன்றும் இல்லை. 'செம்பு பாய்லர் 35லி' என்று மட்டும் பேனாவில் எழுதியிருந்தது. நல்லவேளை, பணத்தை ஜிபேயில் போட்டிருந்தோம். தேதியும் தொகையும் அதில் நின்றன. அந்தச் சீட்டில் 'செம்பு' என்று எழுதியிருந்ததும் நமக்குச் சாதகம்தான்.

1915க்குப் போன் செய்தேன். தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலும் பேசலாம். புகாரைப் பதிந்துகொண்டார்கள். கடைக்காரர் அதற்கெல்லாம் அசையவில்லை. அப்புறம் ஒரு பதிவுத் தபால் அனுப்பினேன். காந்தம் ஒட்டிய போட்டோ, சீட்டின் நகல், ஜிபே நகல். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராமல் விற்பதே முறையற்ற வணிகம் என்று ஒரு வரி. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரை உள்ள பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருஷம் வரை நேரம் இருக்கிறது, அங்கே போவேன் என்று இன்னொரு வரி. போனில் கத்தியபோது அசையாதவர்கள் தபாலுக்கு அசைந்தார்கள். பாய்லரைத் திரும்ப எடுத்துக்கொண்டு 6,000 ரூபாய் கொடுத்தார்கள். மீதி 3,000 'உபயோகப்படுத்திட்டீங்களே' கணக்கில் போனது. இழுத்தடிக்க வேண்டாம் என்று அம்மா சொன்னதால் வாங்கிக்கொண்டேன். ஆனால் கணக்குப் பாருங்கள்: அந்த 3,000, அதோடு நோட்டில் இருக்கும் 8.200 கிலோ செம்பு, கிலோ 650 என்றால் 5,330. ஆக எங்கள் நஷ்டம் 8,330 ரூபாய். ஒரு மார்கழியும் அடுப்பில் அண்டா வைத்தே கழிந்தது.

கை இறுக்கமாக இருந்து புதுசுதான் எடுப்பேன் என்றால், இரும்பு பாய்லரை இரும்பு என்று சொல்லி விற்கும் இடத்தில் எடுங்கள். ஜிஐ, அதாவது துத்தநாகம் பூசிய இரும்புத் தகட்டில் செய்தது செம்பின் விலையில் ஒரு சிறு பங்குதான், சில வருஷம் ஓடும். எவர்சில்வரும் இருக்கிறது. ஆனால் அதில் 202, 304 என்று தரம் உண்டு, இரண்டிலும் காந்தம் ஒட்டாது என்பதால் காந்தத்தை நம்ப வேண்டாம். உப்புத் தண்ணீருக்கு இரண்டில் 304தான் மேல், பில்லில் எழுதி வாங்குங்கள். கீசர் என்றால் ஐஎஸ்ஐ முத்திரையும் அதன் கீழே உள்ள உரிம எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண்ணை பிஐஎஸ் கேர் ஆப்பில் போட்டுப் பார்க்கலாம். செம்புதான் வேண்டும் என்றால் லிட்டர் கணக்கைப் பேசாதீர்கள், கிலோ கணக்கைப் பேசுங்கள். எங்களுடையதைப் போல இரண்டடி உயரம், ஓரடி அகலம் உள்ள பாய்லர் 22 கேஜ் செம்பில், புகைக்குழாயும் செம்பாகவே இருந்தால், தண்ணீர்க் குழாயும் காலும் சேராமலே ஐந்தரைக் கிலோவுக்கு மேல் வர வேண்டும். நாலு கிலோ என்றால் உள்ளே ஏதோ ஒன்று செம்பு இல்லை, அல்லது தகடு வெங்காயச் சருகு.

நாங்கள் கடைசியில் புதுசே எடுக்கவில்லை. குடியாத்தத்துப் பெரியவர்தான் வழி சொன்னார். மாடியில் சோலார் போடும் வீடுகள் பழைய செம்பு பாய்லரைப் பழைய சாமான் கடைக்குத்தான் போடுகின்றன. இந்த வருஷம் அப்படி ஒன்று கிடைத்தது. 7 கிலோ 600, புகைக்குழாயில் காந்தம் ஒட்டவில்லை. கிலோ 700 என்று 5,320 ரூபாய். பித்தளைப் பற்று வைக்க 800, புதுத் தண்ணீர்க் குழாய்க்கு 350. மொத்தம் 6,470.

ஒரு விஷயம், பழைய சாமான் கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். பாய்லர் வந்த கையோடு சம்மட்டியால் அடித்துத் தட்டையாக்கி அடுக்கிவிடுவார்கள், இடம் அடைக்கிறது என்று. போன் நம்பரைக் கொடுத்து, 'முழுசா வந்தா உடைக்காம கூப்பிடுங்க, எடைக்கு மேல ஐம்பது சேர்த்துத் தர்றேன்' என்று சொல்லிவிட்டு வாருங்கள்.